சின்னத்திரை கேள்வி–பதில்: சோப்பி (தினசரி சீரியல்) விருதுகள்

‘போல்ட் அண்ட் த பியூட்டிஃபுல்’ நம் வீட்டில் மாலையில்தானே ஓடியது? அதற்கு எப்படி ‘டேடைம் எம்மி’ கொடுக்கிறார்கள்?
– வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

விருது அமெரிக்க விருது, கணக்கும் அந்த ஊர்க் கடிகாரப்படிதான். முதல் டேடைம் எம்மி விழா 1974இல் நடந்தது. அதிகாலை 2 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே ஒளிபரப்பாவது பகல் நிகழ்ச்சி என்று நெடுநாள் விதி இருந்தது. எதையும் எந்நேரமும் பார்க்கலாம் என்று ஆனபின் கடிகாரத்துக்கு வேலையில்லை. அதனால் 2022 முதல் நிகழ்ச்சியின் வகையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ சீரியல் அந்த ஆண்டு செப்டம்பரில் டிவியை விட்டு பீகாக் என்ற இணைய ஒளிபரப்புத் தளத்துக்குப் போய்விட்டது. இன்னும் இதே விருதுக்குத்தான் போட்டியிடுகிறது.

நடிகை சூசன் லூச்சி இதே எம்மியில் 18 முறை தோற்றாராமே! உள்ளே அரசியலா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

‘ஆல் மை சில்ட்ரன்’ சீரியலில் எரிக்கா கேனாக நடித்தவர். 1978இல் முதல் பரிந்துரை, வென்றது 1999இல், 19ஆவது முறையாக. அரசியல் என்று சொல்ல எனக்கு ஆதாரம் தெரியாது. நடுவர் முறையைப் பார்த்தால் பாதி புரிந்துவிடும்.

நடுவர்கள் ஆண்டு முழுவதும் சீரியல் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. ஒரு சோப்பிக்கு ஆண்டில் 250 எபிசோடு அளவில் வரும். நடிகர் பொறுக்கி அனுப்பும் காட்சிகளுக்குத்தான் மதிப்பெண். இங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள். கதை தெரியாதவருக்கு, பத்து மாதம் வளர்ந்த பகையின் உச்சக் காட்சி வெறும் கூச்சலாகத் தெரியும். எதிரில் நிற்பவர் நன்றாக நடித்துவிட்டால் நாம் அனுப்பிய காட்சி அவருக்கே விளம்பரமாகிவிடும். அழுகை, கோபம், கேலி மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வரும் காட்சிதான் எடுபடும். ‘ஜெனரல் ஹாஸ்பிட்டல்’ ஆண்டனி கியரி முதன்மை நடிகருக்கான விருதை 8 முறை வாங்கியிருக்கிறார். லூக் பாத்திரத்தில் அந்தக் கலவைக்குப் பஞ்சமே இல்லை.

நம் ஊர் ‘உசாலோ’ சீரியலுக்கு அந்த எம்மி கிடைக்குமா?
– வாசகி, டோங்காட்

டேடைமில் வழியில்லை. வெளிநாட்டுத் தொடர்களுக்கு இன்டர்நேஷனல் எம்மி தனியாக உண்டு, நடத்துவதும் வேறு அமைப்பு. அதில் 2008 முதல் டெலிநோவெலா (லத்தீன் அமெரிக்கப் பாணி நெடுந்தொடர்) பிரிவு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ‘த ரிவர்’ 2019இல் அதில் பரிந்துரை பெற்றது. உள்நாட்டில் சாஃப்டா என்ற திரைப்பட, டிவி விருது இருக்கிறது, 2006 முதல்.

எங்கள் தமிழ்ச் சங்கம் டிவி சீரியல்களுக்கு விருது விழா வைக்க நினைக்கிறது. சண்டை வராமல் எப்படி நடத்துவது?
– சங்கச் செயலாளர், மெரேபேங்க்

சண்டை மேடையில் தொடங்குவதில்லை, விதி எழுதாத அன்றே தொடங்கிவிடுகிறது. முதலில் கால எல்லை: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, சென்னை ஒளிபரப்பா, இங்கே வந்த நாளா? இதை எழுதி வையுங்கள். அடுத்து பிரிவு. நாயகியையும் மாமியாரையும் ஒரே பட்டியலில் போட்டால் மாமியார்தான் ஜெயிப்பார். வில்லிக்குத் தனி விருது வையுங்கள். தமிழ் சீரியலை இழுத்துப் போவதே அவர்தான்.

ஒவ்வொரு போட்டியாளருக்கும் 10 நிமிடக் காட்சி போதும், இரண்டு எபிசோடுக்கு மேல் வேண்டாம். கூடவே மூன்று வரி முன்கதை. நடுவர் ஏழு பேர், தனித்தனியே வீட்டில் பார்த்து 10க்கு மதிப்பெண் போடட்டும். கூடிப் பேசினால் குரல் பெரியவர் கட்சி ஜெயித்துவிடும். மிக உயர்ந்ததையும் மிகக் குறைந்ததையும் நீக்கி, மிச்ச ஐந்துக்குச் சராசரி எடுங்கள். இல்லையென்றால் தன் ஆளுக்கு 10, மற்றவருக்கு 1 போடும் ஒருவரே முடிவைத் திருப்பிவிடுவார். சமநிலை வந்தால் இருவருக்கும் விருது என்று முன்பே எழுதிவிடுங்கள்.

மக்கள் வாக்கை நடுவர் மதிப்பெண்ணோடு கலக்க வேண்டாம். ‘அபிமான சீரியல்’ என்று தனி விருதாகக் கொடுங்கள், ஒரு ஃபோன் எண்ணுக்கு ஒரு வாக்கு. அதிலும் வாட்ஸ்ஆப் குழு பெரிதாக உள்ளவர்தான் முந்துவார், அது அந்த விருதின் குணம்.

உறையின் வெளியே பிரிவின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். 2017 ஆஸ்கரில் வேறு பிரிவின் உறை கைக்கு வந்ததால்தான் தவறான படத்தை அறிவித்தார்கள். சென்னை நடிகர்களிடம் நன்றிக் காணொளி கேட்பதென்றால் போட்டியில் உள்ள எல்லாரிடமும் கேளுங்கள். வென்றவரிடம் மட்டும் கேட்டால் சேதி அன்றைக்கே கசிந்துவிடும். நன்றியுரைக்கு 45 விநாடி.

மண்டபத்தில் பாட்டுப் போட சாம்ரோ என்ற இசை உரிமை அமைப்பின் உரிமம் வேண்டும், மண்டபத்தாரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சீரியல் காட்சியைத் திரையிடச் சேனலிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பதில் வரத் தாமதமாகும், இதை முதல் வேலையாக வையுங்கள்.

டேடைம் எம்மியை நேரலையில் பார்க்க எத்தனை மணிக்கு விழிக்க வேண்டும்?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நியூயார்க் நேரம் இரவு 8 மணி என்று அறிவித்தால், அங்கே கோடையில் நமக்கு மறுநாள் அதிகாலை 2 மணி, குளிர்காலத்தில் 3 மணி. தேதியை ஒவ்வோர் ஆண்டும் சரிபாருங்கள். 2023 விழா ஹாலிவுட் வேலைநிறுத்தத்தால் டிசம்பருக்குத் தள்ளிப்போனது.