ஜெபிக்கும்போது எந்த வெளிச்சமும் தெரியவில்லை என்றால் விசுவாசம் குறைவா?

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். கிறிஸ்தவர்கள் சொல்லும் ‘ஆவிக்குரிய வெளிச்சம்’ உண்மையில் என்ன? தனக்கு ஜெபத்தில் அப்படி எதுவும் தெரிவதில்லையே, அது விசுவாசக் குறைவா?

குறைவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியைப் பல வருஷம் யாரிடமும் கேட்காமல் சுமந்தவள் நான். சாட்சி சொல்ல எழுந்தவர்கள் “எனக்குள் ஒரு பெரிய வெளிச்சம் வந்தது” என்னும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். நான் கண்ணை மூடினால் இருட்டுதான் தெரியும்.

பிறகு வேதத்தில் இந்தச் சொல் வரும் இடங்களை நிதானமாகத் தேடி வாசித்தேன். யோவான் 8:12-ல் இயேசு தம்மைப் பின்பற்றுகிறவன் “இருளிலே நடவாமல்” ஜீவஒளியை அடைந்திருப்பான் என்கிறார். பவுல் எபேசியருக்கு “வெளிச்சத்தின் பிள்ளைகளாய் நடந்துகொள்ளுங்கள்” என்று எழுதுகிறார். யோவானின் முதல் நிருபம் “ஒளியிலே நடந்தால்” என்கிறது. மூன்றிலும் நடை. யாருக்கு என்ன தெரிந்தது என்ற பேச்சே அங்கே இல்லை. சங்கீதம் 119:105-ம் அப்படித்தான்: வசனம் கால்களுக்குத் தீபம். அந்தக் காலத்து மண் அகல் எவ்வளவு தூரம் காட்டியிருக்கும்? நாலு அடி. வழி முழுவதும் தெரிய வேண்டும் என்று காத்திருந்தால் அந்த விளக்கால் பிரயோஜனம் இல்லை. நடக்க நடக்கத்தான் அடுத்த நாலு அடி தெரியும்.

தமிழில் வாசிப்பவர்கள் தவறவிடும் ஒன்றையும் சொல்கிறேன். “நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்” என்கிறது யோவான். “நீங்கள் உலகத்துக்கு வெளிச்சமாயிருக்கிறீர்கள்” என்கிறது மத்தேயு 5:14. நம் பழைய மொழிபெயர்ப்பில் ஒளி, வெளிச்சம் என்று இரண்டு சொற்கள். கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். தமக்குச் சொல்லிக்கொண்ட அதே பெயரை இயேசு தம் சீஷர்களுக்கும் கொடுத்திருக்கிறார்! இது தெரிந்த அன்று எனக்கு வேறு எதையும் வாசிக்க ஓடவில்லை.

இனி என் கதை. அப்பாவின் வைத்தியச் செலவில் யார் எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கில் எனக்கும் அண்ணனுக்கும் வார்த்தை தடித்துப்போய், நாலு வருஷம் பேச்சே இல்லை. அந்த நாலு வருஷமும் நான் ஒரு ஞாயிறுகூட ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. ஒரு வேதபாடக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று வசனமாக வாசித்து வந்தோம். என் முறைக்கு வந்தது 1 யோவான் 2:9: “ஒளியிலே இருக்கிறேன் என்று சொல்லியும் தன் சகோதரனைப் பகைக்கிறவன் இதுவரைக்கும் இருளிலே இருக்கிறான்.” சத்தமாக வாசிக்க வேண்டும். ‘சகோதரனை’ என்ற இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் கொடுத்தார். பதினோராம் வசனத்தையும் நானேதான் வாசித்தேன்: இருளானது அவன் கண்களைக் குருடாக்கினபடியால் தான் போகும் இடம் இன்னதென்று அறியாதிருக்கிறான்.

அன்று இரவே போன் செய்தேன் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் மனசு கிடந்து தவித்தது, ஏனென்றால் நாலு வருஷமாக நான் சொல்லிவந்த கணக்கில் ஒரு தொகையை வேண்டுமென்றே விட்டிருந்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும். கடைசியில் கூப்பிட்டு, “அண்ணா, நான்தான். அந்தக் கணக்குல நான் ஒண்ணை மறைச்சுட்டேன்” என்றேன். நீண்ட நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “நீ இன்னும் நம்பரை மாத்தவே இல்லையா?” என்றார்.

நான் புரிந்துகொண்ட ஆவிக்குரிய வெளிச்சம் இதுதான்: மறைத்துவைத்திருப்பதை ஆண்டவர் முன்னாலும், யாருக்கு அதைச் செய்தோமோ அவர் முன்னாலும் வெளியே எடுத்து வைப்பது. யோவான் 3:20, 21 இதையே சொல்கிறது. பொல்லாங்கு செய்கிறவன் தன் கிரியைகள் கண்டிக்கப்படாதபடிக்கு ஒளியினிடத்தில் வருவதில்லை. சத்தியத்தின்படி செய்கிறவன் வருகிறான்.

இயேசுவின் சீஷர்களைத் துன்பப்படுத்திவந்து, பிற்பாடு பவுல் என்று அறியப்பட்ட சவுலின் கதையை இப்போது வேறுவிதமாக வாசிக்கிறேன். தமஸ்குவுக்குப் போகும் வழியில் வானத்திலிருந்து ஒளி பிரகாசித்தது என்று அப்போஸ்தலர் 9 சொல்கிறது. நம்மில் பலர் ஏங்கும் அனுபவம் அது. ஆனால் அந்த ஒளி அவருக்குக் கொடுத்தது மூன்று நாள் குருட்டுத்தனம். பார்வை எப்போது திரும்பியது? சவுலுக்குப் பயந்த அனனியா என்ற தமஸ்குவின் சீஷன் வந்து, கைகளை வைத்து, “சகோதரனாகிய சவுலே” என்று கூப்பிட்டபோது. தங்களைப் பிடித்துக் கட்டிக்கொண்டுபோக வந்தவனைச் சகோதரன் என்று கூப்பிட அந்த மனுஷனுக்கு எவ்வளவு வேண்டியிருந்திருக்கும்! எனக்குச் சவுலைவிட அனனியாவைத்தான் அதிகம் பிடிக்கும்.

அன்றாடத்தில் நான் செய்வது மிகச் சின்னது. படுக்கும் முன் சங்கீதம் 139-ன் கடைசி இரண்டு வசனங்களைச் சொல்வேன், “தேவனே, என்னை ஆராய்ந்து” என்று தொடங்குவது. சொல்லிவிட்டுக் கொஞ்சம் சும்மா இருப்பேன். அன்று யாரிடம் பாதி உண்மை சொன்னேன் என்பது தானாகவே மேலே வரும். மறுநாள் அதைச் சரிசெய்யப் பார்ப்பேன். சில நாள் முடியும், சில நாள் முடியாது. ஒரு எச்சரிக்கை: இந்த விளக்கை எடுத்து அடுத்தவர் முகத்தில் அடிக்காதீர்கள். அதை நான் செய்து ஒரு நல்ல தோழியை நோகடித்திருக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒருவரை மட்டும் நினைவுபடுத்துகிறேன். அன்னை தெரசா 1997-ல் இறந்து பத்து வருஷம் கழித்து அவருடைய கடிதங்கள் வெளிவந்தன. ஜெபத்தில் தேவனுடைய பிரசன்னத்தை உணர முடியாத இருளில் பல பத்தாண்டுகள் இருந்ததாக அவற்றில் எழுதியிருக்கிறார். அந்த வருஷங்களில்தான் சாகக் கிடந்தவர்களைத் தெருவிலிருந்து தூக்கிவந்து பராமரித்தார். அவர் ஒளியில் நடக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்?

எனக்கும் இன்றுவரை கண்ணை மூடினால் இருட்டுதான். அண்ணனோடு எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. பணத்தைப் பற்றி இருவரும் ஜாக்கிரதையாகவே பேசுகிறோம். அடுத்த மாதம் என் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.