உபா வழக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கைது செய்தபோது காரணத்தை வாயால் சொன்னார்கள். அது போதாதா? (தருமபுரி வாசகி)

போதாது. எழுத்தில் தர வேண்டும் என்று உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், UAPA) வழக்கிலேயே 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதையும் எழுத்தில் வாங்குங்கள்.

என் மச்சானை குண்டாஸில் போட்டுவிட்டார்கள். உபாவில் ஜாமீன் கிடைக்குமா? (ஒரு வாசகர்)

குண்டாஸ் வேறு, உபா வேறு. குண்டாஸ் என்னும் குண்டர் சட்டம் தடுப்புக் காவல். அதில் ஜாமீன் மனுவுக்கே இடமில்லை. அறிவுரைக் குழுமம், ஆட்கொணர்வு மனு என்று போக வேண்டும். கையில் இருக்கும் உத்தரவைப் படிக்காமல் கடிதம் எழுதினால் நான் என்ன பதில் சொல்வது? முதலில் தாளைப் படியுங்கள்.

என் தம்பி 4 வருடமாக உள்ளே இருக்கிறான். விசாரணை தொடங்கவே இல்லை. "தப்பு செய்யாதவனுக்கு ஜாமீன் கிடைக்காதா?" என்று ஊரில் கேட்கிறார்கள். (திருநெல்வேலி வாசகர்)

கேட்பவர்கள் உபாவின் 43டி(5)ஐப் படிக்காதவர்கள். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மைபோலத் தெரிந்தாலே ஜாமீன் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. போலீஸ் தரப்புத் தாள்களை வைத்துத்தான் நீதிபதி பார்ப்பார். சாட்சியைத் துருவிப் பார்க்கும் கட்டம் அது இல்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றத்தின் வட்டாலி தீர்ப்பு கதவை இன்னும் இறுக்கியது. அதனால் குற்றம் செய்தவனும் செய்யாதவனும் ஒரே கொட்டடியில் காத்துக் கிடக்கிறார்கள். தடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் காலத்தில் ஏறக்குறைய 76,000 பேர் கைதானார்கள். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மீதிப் பேர் இழந்த வருடங்களை யார் திருப்பித் தந்தார்கள்?

திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியை 2020 அக்டோபரில் உபாவில் பிடித்தபோது வயது 83. பார்க்கின்சன் நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாத கை. தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்ல என்ஐஏ (தேசியப் புலனாய்வு முகமை) 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலையில் விசாரணைக் கைதியாகவே இறந்தார். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் தம்பிக்கு ஒரு வழி இருக்கிறது. 2021இல் உச்ச நீதிமன்றத்தில் நஜீப் என்பவரின் உபா வழக்கில், 5 வருடத்துக்கு மேல் சிறை, விசாரிக்க இன்னும் 270க்கும் மேல் சாட்சிகள் என்பதைப் பார்த்து, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உரிமை தரும் அரசமைப்பின் 21ஆம் பிரிவை முன்வைத்து ஜாமீன் உறுதியானது. ஒவ்வொரு வாய்தா தேதியையும், எதற்காகத் தள்ளிப்போனது என்பதையும் குறித்து வையுங்கள். அப்புறம் அந்தப் பட்டியலோடு உயர் நீதிமன்றம் போங்கள்.

தடை செய்யப்பட்ட இயக்கத்தை மேடையில் ஆதரித்துப் பேசினால் குற்றமா? (மதுரை வாசகர்)

திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ, தடாவுக்குப் பிறகு வந்த பொடா சட்டத்தில் சுமார் 19 மாதம் உள்ளே இருந்தார். இயக்கத்தின் செயலுக்கு உதவும் நோக்கம் இல்லாத வெறும் தார்மீக ஆதரவு பொடாவில் குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2003இல் சொன்னது. உபாவின் 39ஆம் பிரிவும் நோக்கத்தைத்தான் கேட்கிறது. ஆனால் சட்டவிரோதச் செயலுக்கான 13ஆம் பிரிவு அகலமானது. அது மட்டும் போட்டிருந்தால் 43டி(5) தடை பொருந்தாது; எஃப்ஐஆரில் பிரிவுகளைச் சரிபாருங்கள்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லுமா? (கோவை வாசகர்)

இப்போது இல்லாத தடாவிலும் பொடாவிலும் செல்லுபடியானது. உபாவில் செல்லாது.

குற்றப்பத்திரிகை இல்லாமல் 90 நாள் முடிந்தால் தானாக வெளியே விட்டுவிடுவார்களா? (வேலூர் வாசகி)

விடமாட்டார்கள். நீங்கள் மனுப் போட வேண்டும். அரசு வழக்கறிஞர் அறிக்கை தந்தால் நீதிமன்றம் அந்தக் கெடுவை 180 நாள் வரை நீட்டிக்கலாம். அந்த விசாரணையின்போது கைதி முன்னிலையில் இருக்க வேண்டும். என்னிடம் ஓர் அம்மா நாள்காட்டித் தாள்களைக் கிழித்து நூலில் கோத்துக்கொண்டு வந்தார். எண்ணினால் 97. நீட்டிப்பு உத்தரவு எதுவும் இல்லை. ஆனால் முந்தின நாள்தான் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருந்தது. அவருடைய வக்கீல் மனுவே போடவில்லை. கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராததால் கிடைக்கும் டீஃபால்ட் ஜாமீன் உரிமை அத்தோடு போயிற்று. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ணுங்கள். 91ஆம் நாள் காலை நீதிமன்றம் திறக்கும்போது மனு உங்கள் கையில் இருக்கட்டும். தாக்கல் செய்ததற்கு நேரத்தோடு முத்திரை வாங்குங்கள்.