ஒரே வாரத்தில் நின்றுபோன உடற்பயிற்சி: மீண்டும் எப்படித் தொடங்குவது?

கேள்வி: எனக்கு வயது 46, உயரம் 168 செ.மீ., எடை 94 கிலோ. ஜவுளிக் கடையொன்றில் கணக்கராக நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை பார்க்கிறேன். ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகளைச் சாப்பிட்டு வருகிறேன். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சென்ற மாதம் ஜிம்மில் சேர்ந்து, முதல் நாளிலிருந்தே டிரெட்மில்லில் அரை மணி நேரம் ஓடினேன். ஒரே வாரத்தில் வலது முழங்கால் வீங்கியதால் நிறுத்திவிட்டேன். மூன்று மாதங்களில் 20 கிலோ குறைக்க எந்தப் பயிற்சி ஏற்றது?

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த பயிற்சியைவிட, அதைத் தொடங்கிய அளவுதான் உங்களைப் படுத்திவிட்டது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுக்கும்போது குறைந்த அளவில் தொடங்கி, உடல் ஏற்றுக்கொள்வதைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுகிறோம். பல ஆண்டுகள் நாற்காலியிலேயே பழகிய உடலுக்குப் பயிற்சியையும் அப்படித்தான் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன், மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதை உடல் எடையின் கணக்கில் எழுதிவிட்டு நீங்கள் கடந்துபோவதில் எனக்கு உடன்பாடில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலி என்ற எச்சரிக்கையே இல்லாமல் இதயத்தின் ரத்தக்குழாய்களில் அடைப்பு ஏற்பட்டிருக்கலாம். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும்கூட இப்படி மூச்சு வாங்கச் செய்யும். எனவே உங்கள் மருத்துவரை நேரில் பார்த்து, ரத்த அழுத்தம், இ.சி.ஜி., ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றோடு விழித்திரையையும் பாத உணர்ச்சியையும் பரிசோதித்துக்கொண்ட பிறகு பயிற்சியைத் தொடங்குங்கள். முழங்காலையும் அப்போதே காட்டிவிடுங்கள்.

வீக்கம் முழுவதும் வடிந்தபின், காலை உணவுக்குப் பிறகு பத்து நிமிடம், இரவு உணவுக்குப் பிறகு பத்து நிமிடம் சமதளத்தில் நடந்தால் போதும். இது மிகக் குறைவு என்று தோன்றும், தோன்றட்டும். சாப்பிட்ட பின் நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள குளுக்கோஸை எடுத்துக்கொள்வதால், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை உயர்வு மட்டுப்படும். முழங்கால் ஒத்துழைத்தால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் என்று கூட்டி, இரண்டு மாதங்களுக்குள் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிடம் என்ற அளவை எட்டலாம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிடம் என்ற குறைந்தபட்ச அளவும் இதுதான். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுவே சரியான வேகம்.

விடியற்காலையில் வெறும் வயிற்றில் நடப்பதே நல்லது என்று பலர் உங்களுக்குச் சொல்வார்கள். கிளிமிபிரைடு சாப்பிடும் நீங்கள் அதைக் கேட்க வேண்டாம். அந்த மாத்திரை இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கச் செய்வதால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைப் பொட்டலமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். எட்டு போட்டு நடப்பதில் தனி மகிமை எதுவும் இல்லை. அடிக்கடி திரும்ப வேண்டியிருப்பதால் உங்கள் முழங்காலுக்கு நேர்பாதையே நல்லது.

நடையோடு மட்டும் நிறுத்திவிடுவதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்வது. தொடைத் தசை வலுவாக இருந்தால் முழங்கால் மூட்டின் சுமை குறையும். ஆகவே வாரத்தில் இரண்டு நாள், கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதையும், சுவரில் கை வைத்துத் தள்ளுவதையும், மூச்சை அடக்காமல் செய்யுங்கள்.

மூன்று மாதங்களில் 20 கிலோ என்பதை விட்டுவிடுங்கள். உங்கள் எடையில் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது ஏறத்தாழ 150 முதல் 200 கலோரி. ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் அதை ஈடுகட்டிவிடும். சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறி, பருப்பு, முட்டை ஆகியவற்றைக் கூட்டாமல் எடை இறங்காது. ஆறு மாதங்களில் ஐந்து கிலோ குறைந்தாலே ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மேம்படும். குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும், நடையின் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. எடை அசையாத வாரங்களில் இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு அது 90 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, கண் இருட்டுதல் ஏதேனும் தோன்றினால் உடனே நின்று, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சர்க்கரை குறையத் தொடங்கியதும் மாத்திரையை நீங்களாகக் குறைக்காமல், வீட்டில் எடுத்த அளவுகளை எழுதி உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அவர் முதலில் குறைப்பது கிளிமிபிரைடாகத்தான் இருக்கும்.