அப்பாவின் கண் எரிச்சலுக்கு ஒளி சிகிச்சை செய்யலாமா?

பாம்பனில் கடலுக்குப் போகும் அப்பாவுக்குக் கண் எரிகிறது, காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது, மதுரையில் ஐபிஎல் (தீவிரத் துடிப்பொளி) சிகிச்சை சொன்னார்கள், செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

இது லேசர் இல்லை. கண்ணைக் கவசத்தால் மூடிவிட்டு, கீழ் இமைக்குக் கீழேயும் கன்னத்திலும் விட்டு விட்டு ஒளி பாய்ச்சுவார்கள். இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டால் கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். அந்த அடைப்பும் வீக்கமும் குறையத்தான் இது. வழக்கமாக 2 முதல் 4 வார இடைவெளியில் 3, 4 தடவை செய்வார்கள்.

எனக்கு உறுத்துவது அவருடைய தோல்தான். கருத்த தோல், அதுவும் வெயிலில் வலை இழுத்து இன்னும் கறுத்த முகம் என்றால், தோலின் நிறமியான மெலனின் அந்த ஒளியை அதிகமாக உறிஞ்சிவிடும். தீக்காயமோ வெள்ளைத் திட்டோ வரலாம். 'இவர் தோலுக்கு ஒத்துவருமா, இல்லையென்றால் சிவப்பொளி சிகிச்சை உண்டா' என்று முதலில் கேளுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள், அது தோலை ஒளிக்குக் கூச வைக்கும்.

அதுவரை வெந்நீர்த் துணி ஒத்தடம் 10 நிமிடம், அப்புறம் இமையை மெல்ல நீவித் துடைப்பது. துணி ஆற ஆற மாற்றணும். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கச்சான் காற்று நாளில் பக்கம் மூடிய கண்ணாடி போடச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மட்டும் வாங்கிப் போட வேண்டாம், கண் அழுத்தம் ஏறலாம்.