ஆதாரைக் குரூப்பில் போடலாமா?

கேள்வி: கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகத் தினமும் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறோம். 'எல்லாரும் ஆதாரை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு விடுங்கள்' என்கிறார் கங்காணி. மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயம். என்ன செய்யலாம்?
- வாசகி, கம்பம்

பதில்: ஆதாரை மறுக்க வேண்டாம், குரூப்பை மறுங்கள். கங்காணியின் நம்பருக்குத் தனியாக, 'மாஸ்க்டு ஆதார்' அனுப்புங்கள். அதில் 12 இலக்கங்களில் முதல் 8 மறைந்திருக்கும், கடைசி 4 மட்டும் தெரியும். பெயர், படம், முகவரி மறையாது. அதனால்தான் இதையும் குரூப்பில் போட வேண்டாம் என்கிறோம். போட்ட பிறகு எல்லோருக்குமாக அழிக்க இரண்டரை நாள்தான் அவகாசம். அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அது அவர் போனிலேயே இருக்கும்.

'மைஆதார்' தளத்தில் ஆதார் எண், ஓடிபி கொடுத்து நுழைந்து, 'டவுன்லோடு ஆதார்' பகுதிக்குப் போங்கள். மாஸ்க்டு ஆதார் வேண்டுமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் அடித்த பிறகே இறக்குங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். டிக் இல்லையென்றால் முழு எண்ணும் வரும்.

அந்தக் கோப்புக்குப் பாஸ்வேர்டு உண்டு. ஆதாரில் உள்ள பெயரின் முதல் நான்கு எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அடுத்துப் பிறந்த வருடம். இனிஷியல் முன்னால் இருந்தால் புள்ளியும் ஓர் எழுத்தாகும், இடைவெளி கணக்கில் வராது. 1989-இல் பிறந்த 'பி. குமார்' என்றால் பி, புள்ளி, கே, யூ, பிறகு 1989. புள்ளியை விட்டுவிட்டு 'திறக்கவே இல்லை' என்பவர்கள் நிறைய. இதைப் பெரிய பூட்டு என்று நம்பிவிடவும் வேண்டாம். பெயரும் பிறந்த வருடமும் உங்கள் ஜீப்பில் வரும் எல்லோருக்கும் தெரியும்!

பிரவுசிங் சென்டரில் இறக்கினால், பிரின்ட் எடுத்ததும் டவுன்லோட்ஸில் உள்ள கோப்பை ஷிஃப்ட், டெலீட் இரண்டையும் சேர்த்து அழுத்தி நீக்குங்கள். வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். அங்கே வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் உங்கள் போனில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் அதை லாக் அவுட் செய்யுங்கள். கடை கம்ப்யூட்டரில் ஜன்னலை மூடினால் மட்டும் போதாது.

ஆதார் ஏற்கெனவே கைமாறிவிட்டது என்று சந்தேகமா? மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்யலாம்.

கேள்வி: குழந்தையின் போட்டோவை அனுப்பினால் எங்கள் வீடு இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்கிறார்களே?
- வாசகர், செங்கோட்டை

பதில்: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோவிலிருந்து எடுத்த இடத்தின் விவரம் நீங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் நீங்காது. பிறந்தநாள் பிளெக்ஸ் அடிப்பவர் 'கிளியரா வேணும், டாக்குமென்டா போடுங்க' என்பார், அப்போதுதான் வீட்டின் இடமும் சேர்ந்து போகும். கேமரா செட்டிங்ஸில் லொக்கேஷனைச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதற்கு முன் எடுத்த படங்களில் அந்த விவரம் அப்படியே இருக்கும். அவற்றை அனுப்புமுன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை அனுப்புங்கள்.