ஆல்டர் பீஸை யார் பிரிப்பது?

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராகி இரண்டு மாதம் ஆகிறது. கைமடியாக (டெய்லருக்கு உதவியாளாக) இருந்த இரண்டு பெண்களை ஓவர்லாக்கில் (ஓரத்தைச் சீவிக்கொண்டே தைக்கும் மெஷினில்) உட்காரவைத்தேன். பத்து முறை சொல்லிவிட்டேன், ஸ்லீவ் ஏற்றுவதில் இன்னும் ஆல்டர் (பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய பீஸ்) வருகிறது. அவசரத்தில் நானே பிரித்துத் தைத்துவிடுகிறேன். இவர்களை எப்படித் தேறவைப்பது?
— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

முதலில் நிறுத்த வேண்டியது நீங்கள் பிரித்துத் தைப்பதைத்தான். தப்பு எங்கே நடந்தது என்று தைத்தவருக்குத் தெரியாமலே போகிறது, அடுத்த பண்டலிலும் அதே ஆல்டர்தான் வரும். செக்கிங்கில் விழுந்த பீஸ் ஒரு மணி நேரத்துக்குள் தைத்தவர் கைக்கே திரும்பட்டும். அவரே பிரிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

அதற்கும் முன்னால் மெஷினைப் பாருங்கள். ஊசி முனை மழுங்கினால் பனியன் துணியில் ஓட்டை விழும். டிஃபரன்ஷியல் ஃபீட் (துணியை நகர்த்தும் முன், பின் பற்களின் வேக வித்தியாசம்) சரியாக வைக்கவில்லை என்றால் எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் தையல் நெளியும். மெஷின் செய்த தப்புக்குத் திட்டு வாங்கிய பெண் அடுத்த முறை சந்தேகம் கேட்க உங்களிடம் வரமாட்டாள்.

பத்து முறை சொன்னது போதாது, பழக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது தொழிற்சாலைகளில் புது ஆட்களைச் சீக்கிரம் பழக்க, அமெரிக்க அரசு 1940இல் தொடங்கிய திட்டத்தில் நான்கு படிகள் வகுத்தார்கள். போருக்குப் பின் ஜப்பானும் அதை எடுத்துக்கொண்டது. உங்கள் லைனுக்கும் அது பொருந்தும். முதலில் அவருடைய பயத்தைப் போக்கி, இதுவரை என்ன தெரியும் என்று கேளுங்கள். அடுத்து நீங்கள் மூன்று பீஸ் தைத்துக் காட்டுங்கள். முதல் பீஸில் வேலையின் வரிசை மட்டும். இரண்டாவதில் கவனிக்க வேண்டியவை: ஸ்லீவின் நடு நாட்ச் (அடையாள வெட்டு) தோள் தையலில் உட்கார வேண்டும், துணியை இழுக்கக் கூடாது, கத்தி ஓரத்தை மட்டும் சீவ வேண்டும். மூன்றாவதில் காரணம்: இழுத்தால் நெளியும், கத்தி உள்ளே போனால் அளவு குறையும்.

மூன்றாவது படியில் அவர் தைத்து, ஏன் அப்படி என்பதையும் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். பெரும்பாலான சூப்பர்வைசர்கள் சறுக்குவது இங்கேதான். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நகர்ந்துவிடுகிறார்கள். கடைசியாக, தனியே தைக்கவிட்டு, சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆளைக் காட்டுங்கள். அடிக்கடி போய்ப் பாருங்கள், போகப் போகக் குறையுங்கள்.

முதல் நாள் வெட்டுத்துண்டு போதும். தொடர்ந்து பத்துப் பீஸ் சுத்தமாக வந்த பிறகே பண்டல் கொடுங்கள். முதல் வாரம் டார்கெட் வேண்டாம். பீஸ் ரேட்டில் போட்டால் சம்பளத்துக்காக வேகம் பிடிக்கத்தான் பார்ப்பார், அதனால் பழகும் வரை ஷிப்ட் சம்பளம் தரும்படி மேனேஜரிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஷிப்மென்ட் வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள். இருவரையும் ஒன்றாகவும் எடுக்க வேண்டாம். ஒருவருக்குக் கை படிந்த பிறகு மற்றவர்.