சரியா, தவறா?

கேள்வி: 'தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்' என்று தேர்வில் வந்தது. சரி என்று போட்டேன், மதிப்பெண் போய்விட்டது. ஏன்?

பதில்: போகத்தான் செய்யும், பாதிப் பேர் விழுகிற குழி இது. செடி 24 மணி நேரமும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் அதன் சுவாசத்துக்குப் போக மிஞ்சுவதால் நம் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிகிறது. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வேலம்பாசியைப் போட்டு வெயிலில் வையுங்கள், தண்டு முனையிலிருந்து குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறும், நிழலுக்கு நகர்த்தினால் குறைந்துவிடும். ஆனால் செல்லுக்குள் சுவாசத்தை நடத்தும் மைட்டோகாண்ட்ரியா வேலையை நிறுத்தவில்லை, அதற்கு வெயிலும் ஒன்றுதான் இருட்டும் ஒன்றுதான்.

கேள்வி: எல்லா செல்லிலும் உட்கரு உண்டா?

பதில்: இல்லை. பாக்டீரியாவில் சவ்வு சூழ்ந்த உட்கருவே கிடையாது. அவ்வளவு தூரம் ஏன், உங்கள் ரத்தச் சிவப்பணுவே முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிட்டு, கிடைத்த இடத்தில் ஹீமோகுளோபினை அடைத்துக்கொண்டு சுமார் 120 நாள் ஓடுகிறது. தவளைக்கும் கோழிக்கும் அப்படியில்லை, அவற்றின் சிவப்பணுவில் உட்கரு இருக்கும். அடுத்த தேர்வில் இதைக் கேட்டாலும் கேட்பார்கள்!